படத்துக்காகத் தூக்கிய கை

சுகந்தினி தன் வாழ்க்கையில் முதன்முதலாக விளையாடியது நாற்பத்தாறாவது வயதில்.

அதற்கு முன் விளையாட நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னால் அதுகூடச் சரியாகாது. விளையாட்டு என்ற ஒன்று தனக்கும் உண்டு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ருவான்வெல்லையிலிருந்து உள்ளே ஏறும் பாதையில் ஒரு ரப்பர் தோட்டம். பெயர்ப்பலகையில் ஹெதர்டன் குரூப், ஆட்கள் வாயில் பாலத்துத் தோட்டம். அங்கேதான் பிறந்தாள். ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். தோட்டத்துப் பாடசாலைக்கு இரண்டு அறையும் பக்கத்தில் ஒரு மரவள்ளிப் பாத்தியும் இருந்தன, மைதானம் இருக்கவில்லை. இடுப்பில் தம்பியோ தங்கச்சியோ இல்லாமல் அவளை அந்த லயத்து வரிசை வீடுகளில் யாரும் பார்த்ததில்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினாறு வயதில், மரத்தில் காய்ந்து ஒட்டிய பாலைச் சுரண்டி எடுக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் கைக்குக் கத்தி வந்தது.

பால் வெட்டப் பலம் வேண்டியதில்லை, மணிக்கட்டு வேண்டும். கத்தி பட்டைக்குள் ஒரு நூல் அதிகமாகப் போனால் மரம் காயப்படும். ஒரு நூல் குறைந்தால் பால் வடிகிற சிரட்டை காலியாகக் கிடக்கும். சுகந்தினி வெட்டிய மரங்களிடம் சுப்பவைசர் புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். "பாத்துக்கங்க, பென்சில்ல கோடு போட்டாப்புல இருக்கு" என்பார். இருபத்தெட்டு வருடத்தில் தோட்டம் அவளுக்குக் கொடுத்த பரிசு அந்தப் பேச்சுதான். அது போதும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

நல்லையாவைக் கட்டியது இருபத்தொரு வயதில். அவர் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிறவர். கண் எப்போதும் சிவந்தே இருக்கும், வாய் அதிகம் திறக்காது. ஒரே மகள் சுதர்ஷினி. அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போய், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து போனாள். பெரிய கஷ்டம் என்று சொல்லும்படி இல்லை, பெரிய சந்தோஷம் என்று சொல்லும்படியும் இல்லை. நாள் போனது.

கடைசி மூன்று வருடம்தான் கெட்டது. மலையடி நம்பர் என்கிற பகுதியில் இருந்த மரங்களுக்கு வயதாகிவிட்டது. வெட்டித் தள்ளிவிட்டுப் புதுக் கன்று வைக்க வேண்டியவை. கம்பெனி இந்த வருஷம் அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டது. கீழ்ப் பட்டையெல்லாம் வெட்டித் தீர்ந்ததால் மேல்வெட்டு என்று தொடங்கினார்கள். தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் வெட்டு. நீளப்பிடி போட்ட கத்தியை இரண்டு கையாலும் பிடித்து, அண்ணாந்து நின்று, கீழிருந்து மேலாகத் தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது மரம். கைத்திறன் உள்ள ஆள் போனால்தான் மரம் தாங்கும் என்று சொல்லி அவளைப் போட்டார்கள்.

முதலில் வலது தோளில் ஒரு குத்தல். பிறகு கொண்டை முடியக் கை மேலே வரவில்லை. நல்லையா காலையில் புகைக்கூடத்துக்குப் போகும் முன் அவள் பின்னால் நின்று, பழக்கமில்லாத விரல்களால் முடியைச் சுற்றி முடிந்துவிடுவார். அது வழியிலேயே அவிழ்ந்துவிடும். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரையும் தைலமும் கொடுத்தார்கள், எதிலும் எழுதவில்லை. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் பேர் போய்விடும், அன்றைய சம்பளம் இல்லை. அதனால் போகவில்லை.

அப்படியிருக்கையில்தான் அந்த மெசின் தோட்டத்துக்கு வந்தது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டின் கடைசி மாதங்கள். ரப்பரை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்து ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்து ஒரு சான்றிதழ் கொடுப்பார்களாம். அது இருந்தால்தான் நல்ல விலையாம். கம்பெனி அவசர அவசரமாகக் கக்கூஸ்களுக்குக் கதவு போட்டது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இருந்த பழைய பிள்ளைக்காம்பராவுக்கு மஞ்சள் சாயம் அடித்து, 'தொழிலாளர் மகிழ்வகம்' என்று மூன்று மொழியிலும் எழுதியது. உள்ளே ஒரு பெரிய டீவீ, பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரை, கொழும்பு ஆபீஸ்காரர் யாரோ ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த ஒரு வெள்ளைப் பெட்டி. அதுதான் மெசின்.

அதைப் பொருத்த ருவான்வெல்லைக் கடைத்தெருவில் டீவீ திருத்துகிற நிஸார் நானா வந்தார். ஒரு சனிக்கிழமை, பால் நிறுத்து முடிந்த பிறகு, பெண்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டார்கள். கூப்பிட்டது லதீபா மிஸ். நலன்புரி உத்தியோகத்தராக வந்து எட்டு மாதம் ஆன பிள்ளை, ஊர் மாவனெல்லை. ஒவ்வொரு வருடமும் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற வேலை அவளுடையது. ஆட்களிடம் அன்பாகத்தான் இருப்பாள், பேர் சொல்லித்தான் விசாரிப்பாள்.

நிஸார் நானா, சோப்புக்கட்டியை நீட்டிவிட்டாற்போல இருந்த ஒரு வெள்ளை ரிமோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்குள்ள கை அசையிறத கண்டுபுடிக்கிற சாமான் ஒண்டு ஈக்குது. நீங்க வீசினா டீவீல ஈக்கிற பொம்மையும் வீசும். இந்தக் கயித்த மொதல்ல மணிக்கட்டுல மாட்டணும். ஒரு வீட்டுல மாட்டாம ஆடி, கை வழுக்கி டீவீயையே ஒடச்சிட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தியும் முன்னால் வரவில்லை. லதீபா மிஸ் கண்ணில் பட்டது சுகந்தினி.

"அக்கா, நீங்க வாங்க."

"எனக்குக் கை மேல போகாது மிஸ். தோள் வலி."

"கையத் தூக்கத் தேவல்ல தங்கச்சி" என்றார் நிஸார் நானா. "கதிரையில இருங்க. முழங்கைய இடுப்போட ஒட்டி வைங்க. மணிக்கட்ட மட்டும் டக்கெண்டு ஒரு வெட்டு வெட்டுங்க. மெசினுக்கு அது போதும்."

வெட்டு என்ற சொல் அவளுக்கு விளங்கியது. டீவீயில் கைகால் உடம்போடு ஒட்டாத ஒரு பொம்மை டென்னிஸ் மட்டையோடு நின்றது. பெண்கள் ஆடுவதற்காக நிஸார் நானா அதற்குக் கொண்டை வைத்திருந்தார். பந்து வந்தது. சுகந்தினி மணிக்கட்டை, மரப்பட்டையில் கத்தியைத் திருப்புகிற அளவுக்கு, ஒரு நூல் திருப்பினாள். பொம்மை தலைக்கு மேலே கையை ஓங்கி ஓர் அடி அடித்தது. எதிர்ப்பக்கப் பொம்மை திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து கோட்டில் விழுந்து ஓடிவிட்டது.

அவள் தன் கையைப் பார்த்தாள். தோள் வலிக்கவே இல்லை.

பிறகு வந்த சனிக்கிழமைகளில் அவள் தவறாமல் போனாள். டென்னிஸ் இருந்தது, பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை விழுத்துகிற விளையாட்டு இருந்தது, குத்துச்சண்டையும் இருந்தது. குத்துச்சண்டைப் பக்கம் அவள் போகவில்லை. ரிமோட்டை எவ்வளவு சாய்த்தால் பந்து எந்தப் பக்கம் வளையும் என்பதை இரண்டே வாரத்தில் பிடித்துவிட்டாள். ஸ்டோரில் வேலை செய்கிற கிருஷாந்த், இருபத்திரண்டு வயது, உடம்பெல்லாம் வேர்க்க அங்கேயும் இங்கேயும் பாய்ந்து வீசுவான். சுகந்தினி கதிரையில் உட்கார்ந்தபடி, மடியில் கோதுமை மாவை வைத்துப் பிசைவது போல அடக்கமாக அடிப்பாள். ஆறு ஆட்டத்தில் ஆறும் அவளுக்கு.

"அக்கா, நீங்க ஒரு எடத்துல ஒக்காந்துகிட்டு என்னைய நாய் மாதிரி ஓட விடுறீங்க" என்பான் கிருஷாந்த். அவனுக்குக் கோபமில்லை. அடுத்த சனிக்கிழமையும் அவளோடுதான் ஆட வருவான்.

ஒருநாள் நல்லையாவும் வந்து வாசலில் நின்று பார்த்தார். வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டார்.

"அதுல அப்புடி என்னா இருக்கு?"

"தெரியலீங்க. பந்து வெளிய போனாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க. திருப்பியும் அடிக்கலாம்."

நல்லையா தலையை ஆட்டினார். அவருக்கு விளங்கியது.

தை மாதம் பிறந்து பத்து நாளில் பார்க்கிறவர்கள் வந்தார்கள். வெளிநாட்டுக்காரர் மூன்று பேர், கொழும்பு ஆபீசிலிருந்து நோனா என்கிற ஓர் அதிகாரி அம்மாவும் ஓர் ஐயாவும், தோட்டத்தை நடத்துகிற பெரியதொரை, அவருக்கு அடுத்த சின்னத்தொரை, தொழிற்சங்கத்துத் தலைவர் எல்லாருமாக மகிழ்வகம் நிறைந்துவிட்டது. அவர்களுக்காக ஒரு போட்டி வைத்திருந்தார்கள். இறுதி ஆட்டம் சுகந்தினிக்கும் கிருஷாந்துக்கும். அவள் வழக்கம் போலக் கதிரையில் உட்கார்ந்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து ஆடினாள், ஜெயித்தாள். வெளிநாட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். சுகந்தினிக்கு அந்த நிமிஷம் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது கொழும்பு நோனா லதீபா மிஸ்ஸின் போனை வாங்கி, எடுத்திருந்த வீடியோவைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். நோயாளி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது, ஓர் உற்சாகம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். லதீபா மிஸ் அவசரமாக அவளிடம் வந்தாள்.

"அக்கா, ஒரு வாட்டி எழும்பி நிண்டு, கைய மேல தூக்கி ஓங்கி அடிங்க. ஒக்காந்து அடிச்சா படத்துல ஒண்டும் வெளங்குதில்ல."

"மிஸ், நான் சொன்னேனே. கை மேல போகாது."

"ஒரே ஒரு வாட்டி, அக்கா. இப்ப போகப் போறாங்க. நான் அந்த நோனாட்ட மாட்டிக்கொள்ளுவன்."

அந்தப் பிள்ளையின் முகம் வெளிறிப் போயிருந்தது. சுகந்தினிக்குத் தன் மகள் ஞாபகம் வந்தது. எழுந்து நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். உள்ளே ஏதோ பழைய துணி கிழிவது போலக் கிழிந்தது. கையை ஓங்கி இறக்கினாள்.

"சிரிங்க அக்கா. இன்னொரு வாட்டி, சிரிச்சிக்கொண்டு."

இன்னொரு தரமும் தூக்கினாள். சிரித்துக்கொண்டே தூக்கினாள்.

இரண்டாம் நாள் மகள் கொழும்பிலிருந்து போனில் கோல் எடுத்தாள். "அம்மா, கம்பெனி பேஜ்ல ஒங்க வீடியோ போட்டிருக்காங்க. எங்க கடையில எல்லாருக்கும் அனுப்பிட்டேன். எங்க அம்மா டென்னிஸ் அடிக்கிறாங்கன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க."

"நல்லா இருக்காம்மா?"

"சூப்பரா இருக்கு. எவ்வளவு சந்தோஷமாச் சிரிக்கிறீங்க. நீங்க இப்புடிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

சுகந்தினி போனை இடது கையில் பிடித்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. தோளிலிருந்து முழங்கை வரை வீங்கி, தொட்டால் சுட்டது. மகளிடம் அதைச் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலை, பேர் போனால் போகட்டும் என்று நல்லையாவே அவளைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் கையை மெல்ல அசைத்துப் பார்த்தார். ஸ்கேன் படம் எடுக்கச் சொன்னார். தோள்மூட்டுத் தசைநார் நாட்பட்டுத் தேய்ந்து வந்திருக்கிறது, இப்போது பாதிக்கு மேல் கிழிந்துவிட்டது என்றார். எத்தனை நாளாக வலி என்று கேட்டார்.

"ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டர்."

"இவ்வளவு நாள் ஏன் வரல்ல?"

பேர் போய்விடும் என்பது டாக்டரிடம் சொல்கிற பதில் அல்ல. அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். தோளுக்கு மேலே கையைத் தூக்கும் எந்த வேலையும் கொடுக்கக் கூடாது, இலகுவான வேலைக்கு மாற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. சுகந்தினி அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தோட்டத்து ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கன்று வளர்க்கிற தவறணையில் உறைக்கு மண் நிரப்புகிற வேலை இருக்கிறது. கீழே உட்கார்ந்து செய்வது. அதில் விட்டால் போதும்.

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு விசாரணை என்று கூப்பிட்டார்கள். சங்கத்துத் தலைவர் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று அவருக்குக் கேகாலையில் கூட்டம் வந்துவிட்டது.

ஆபீசில் சின்னத்தொரை மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் எழுத ஒரு கிளாக்கர். சுவரோரமாக ஒரு கதிரையில், மடியில் ஃபைலை அணைத்துக்கொண்டு லதீபா மிஸ். சுகந்தினிக்கு அவளைப் பார்த்ததும் மனசு தைரியமானது. உள்ளதைச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்தாள்.

சின்னத்தொரை சிங்களத்தில் பேசினார். சுகந்தினிக்கு அது விளங்காமல் இல்லை; அந்தப் பக்கத்தில் தோட்டத்து ஆட்களுக்கு இரண்டு பாஷையும் ஒன்று போலத்தான். அவர் சத்தம் போடவில்லை. வாங்க, இருங்க என்றுதான் தொடங்கினார். பிறகு போனை மேசையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

வீடியோவில் சுகந்தினி எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேலே ஓங்கிச் சிரித்துக்கொண்டே அடித்தாள். பதினோரு விநாடி. முடிந்ததும் அது தானாகத் திரும்பவும் தொடங்கியது.

"இது நீங்கதானே?"

"ஆமாங்க சேர்."

"இது எத்தனாம் தேதி, ஞாபகம் இருக்கா? நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனது இதுக்கு நாலு நாளைக்குப் பொறவு. அதுக்கு முந்தி ஒரு துண்டுச் சீட்டு இருக்கா, கை வலின்னு? டிஸ்பென்சரிப் புத்தகத்துல பார்த்தோம். ஒண்ணும் இல்ல."

"மாத்திரை குடுத்தாங்க சேர். எழுதல."

"அப்ப விளையாடித்தான் கை போயிருக்கு. விளையாடிக் கையைக் கெடுத்துக்கிட்டா அதுக்குத் தோட்டம் என்ன செய்யும்?"

"நான் கையத் தூக்கி ஆடுறதே இல்லைங்க சேர். ஒக்காந்துதான் ஆடுவேன். மணிக்கட்ட மட்டுந்தான் அசைப்பேன். பொம்மைதான் கையத் தூக்கும். அன்னைக்குப் படத்துக்காகத் தூக்கச் சொன்னாங்க. அதுலதான் இருந்ததும் கிழிஞ்சு போச்சு. மிஸ்ஸுகிட்டக் கேளுங்க."

சின்னத்தொரை லதீபா மிஸ் பக்கம் திரும்பினார்.

"வீடியோ எடுத்தது நீங்கதானே?"

"ஓம் சேர். நான்தான்."

"அந்த அம்மா ஆடினது இப்படித்தானே?"

லதீபா மிஸ் ஃபைலின் மூலையை விரலால் மடக்கி மடக்கி விட்டாள். அவள் வேலைக் கடிதம் புதுப்பிக்கிற மாதம் அது. சுகந்தினிக்கு அது அன்று தெரியாது.

"வீடியோல ஈக்கிற மாதிரித்தான் சேர்" என்றாள் கடைசியில். தலையை நிமிர்த்தவில்லை.

கிளாக்கர் அதை எழுதினார்.

சுகந்தினி மேசையில் கிடந்த ஒரு பேனையை எடுத்தாள். அனுமதி கேட்கவில்லை, முப்பது வருடத்தில் ஆபீசுக்குள் அவள் கேட்காமல் செய்த ஒரே காரியம் அது. முழங்கையை இடுப்போடு ஒட்டினாள். "இப்புடித்தாங்க சேர் ஆடுறது. பாருங்க." மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினாள். இன்னொரு தரம், சாய்த்து. "இவ்வளவுதான். நிஸார் நானாவக் கூப்பிட்டுக் கேளுங்க, அவருதான் சொல்லிக் குடுத்தாரு. இல்லாட்டி அந்த மெசினக் கொண்டாங்க, நான் ஆடிக் காட்டுறேன்."

சின்னத்தொரை அவள் கையைக் கவனமாகத்தான் பார்த்தார்.

"கை நல்லாத்தானே வேலை செய்யுது" என்றார். "இந்த மணிக்கட்டுக்கு என்ன குறை? பால் வெட்ட இது போதும்."

அவள் பேனையை மேசையில் வைத்தாள். கை விளையாட்டில் கெட்டுப்போனது என்றும் கை கெடவே இல்லை என்றும் ஒரே ஆள், ஒரே மேசையில், ஐந்து நிமிஷத்துக்குள் சொன்னதை அவள் கவனித்தாள். ஆனால் இதில் எது ஐயா உங்கள் பேச்சு என்று கேட்கத் தோன்றியது வீட்டுக்கு வந்த பிறகுதான். கிளாக்கர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

நிஸார் நானா விஷயம் கேள்விப்பட்டு, மெசின் எப்படி வேலை செய்கிறது, உட்கார்ந்தே ஆடலாம், கையைத் தூக்க வேண்டியதில்லை என்று தன் கடைச் சீட்டில் எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். டீவீ திருத்துகிறவரின் கடிதத்தை ஆபீசில் எடுக்கவில்லை. மெசினையே காட்டலாம் என்றாலும் அது அங்கே இருக்கவில்லை. சான்றிதழ் வந்த வாரமே மகிழ்வகத்தைப் பூட்டிவிட்டார்கள். மெசின் பழுது பார்க்கத் தொரை பங்களாவுக்குப் போயிருக்கிறது என்றார்கள். நிஸார் நானாவை யாரும் பழுது பார்க்கக் கூப்பிடவில்லை.

சுகந்தினி திரும்பவும் மேல்வெட்டுக்குப் போனாள். வலது கை பாதி உயரத்தோடு நின்றுவிடும். மிச்சத்தை இடது கை தள்ளும். நீளப்பிடி ஆடும். கத்தி எங்கே போகிறது என்று கைக்குத் தெரியவில்லை. இரண்டாம் மாதம் சுப்பவைசர் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு மரத்தடியில் நிறுத்தினார். பட்டையைத் தாண்டி மரத்துக்குள் கத்தி இறங்கிய காயம், ஒன்றல்ல, ஏழெட்டு. சில இடத்தில் கறுத்து அழுகத் தொடங்கியிருந்தது.

"நீங்களா வெட்டினது, சுகந்தினி?"

"ஆமாங்க."

அவர் அவளைத் திட்டவில்லை. அழுகிய பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இத நான் எழுதித்தான் ஆகணும்மா" என்றார்.

"எழுதுங்க ஐயா."

அன்று பின்னேரம் அவள் லயத்துக்கு வந்து கத்தியைக் கழுவித் துடைத்துக் கூரை இடுக்கில் சொருகினாள். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. வேலைக்கு வராதவர்களைப் பேரேட்டிலிருந்து எடுக்க எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாளில் எடுத்தார்கள். இன்னும் எட்டு வருடம் வேலை செய்திருந்தால் அவளும் வயசுக்கு நின்ற, ஓய்வு பெற்ற ஆளாக மரியாதையோடு வெளியே வந்திருப்பாள். தானாக விட்டுப் போனவள் என்று எழுதினார்கள்.

கம்பெனியின் வருஷப் புத்தகம் வந்தபோது முன் அட்டையில் அவள் இருந்தாள் என்று கிருஷாந்த் வந்து சொன்னான். ஆபீசில் பார்த்தானாம். ஒன்று கொண்டு வரவா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். மகள் அந்த வீடியோவைப் போனிலிருந்து அழித்துவிட்டு வந்து அழுதாள். "நான்தானே எல்லாருக்கும் அனுப்பினேன்" என்றாள்.

"நீ அனுப்பினதுல என்னா இருக்கு. அந்தச் சிரிப்பு நான் சிரிச்சதுதானே" என்றாள் சுகந்தினி.

இப்போது அவள் ருவான்வெல்லையில் முக்தார் முதலாளியின் சரக்குக் கடையில் இருக்கிறாள். பின்கட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்து, மிளகில் கல்லும் காம்பும் பொறுக்குகிற வேலை. முதலாளி நல்ல மாதிரி. கை நொந்தால் கொஞ்சம் சும்மா இருங்க என்பார். பொறுக்கிய மிளகைத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்வார். அந்தப் பெயரை அங்கேயும் ஒரு வருடத்துக்குள் எடுத்துவிட்டாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் லதீபா மிஸ் கடைக்கு வந்தாள். மிளகு அரைக் கிலோ வேண்டும் என்றாள். பின்கட்டில் ஆளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். முகம் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. இப்போது வேலை நிரந்தரம், வேறு தோட்டத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்காமலே சொன்னாள். கலியாணம் பேசியிருக்கிறது என்றும் சொன்னாள்.

"நல்லதுங்க மிஸ்."

லதீபா மிஸ் வாசல்படியிலேயே குந்தினாள். கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கினாள்.

"அக்கா, அண்டைக்கு நான் சொல்லியிருக்கணும். எனக்கு நித்திரையே இல்ல கொஞ்ச நாள். வீட்டுல வாப்பாக்கும் நோய் வந்து ஏலாம இருந்தது, என்ட வேலைய நம்பித்தான்..."

"தெரியும் மிஸ். பொறவு சொன்னாங்க."

"நான் உள்ளதச் சொல்லியிருந்தாலும் அவங்க ஒங்களுக்கு வேல மாத்திக் குடுத்திருக்க மாட்டாங்க, அக்கா."

"குடுத்திருக்க மாட்டாங்கதான்" என்றாள் சுகந்தினி. இடது கையால் சுளகை ஒரு தரம் புடைத்தாள். தூசி பறந்தது. "ஒங்க வேலையும் போயிருக்கும். அது எனக்கு வேணாம். ஆனா மிஸ், நான் பொய் சொன்னேன்னு அந்த விசாரணைப் புத்தகத்துல எழுதியிருக்கு. இருபத்தெட்டு வருஷம் வெட்டின மரத்துல ஒரு காயம் இல்லாம இருந்தவ நான். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா கை போயிருந்தாலும் அது மிச்சம் இருந்திருக்கும்."

லதீபா மிஸ் பையின் வாரை விட்டுவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. சுகந்தினி அதைப் பார்த்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாம். மகள் வயசுப் பிள்ளை. அந்த வார்த்தை அவளுக்கு வரவில்லை. வரவழைக்கவும் அவள் முயலவில்லை.

"அரைக் கிலோதானே" என்று கேட்டாள். முன்னால் போய்த் தராசில் நிறுத்து, பையில் போட்டு, வாயைக் கட்டி நீட்டினாள். லதீபா மிஸ் வாங்கிக்கொண்டு பஸ் நிற்கிற ஹோல்ட் பக்கமாகப் போனாள். ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள் போலிருந்தது. சுகந்தினி அதற்குள் பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் அவள் பொறுக்கிக் கொடுத்த மிளகில் இரண்டு கல் தப்பியிருந்ததாக மறுநாள் முக்தார் முதலாளி சொன்னார். குறை சொல்லவில்லை, ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார். சுகந்தினி அந்தச் சாக்கை அவிழ்த்துக் கொட்டச் சொல்லி, முழுவதையும் முதலிலிருந்து பொறுக்கினாள்.